கீல் அமரும் இடம்

பழைய காரைப் புதுப்பித்திருக்கும் லட்சணம் தெரிய வேண்டுமா? பெயின்டை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். டெல்லியில் 1964இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழைய கார் பேரணியில் எல்லோரும் குரோம் பளபளப்பை மொய்த்து நிற்கும்போது, எனக்குக் கண் போவது கதவுக்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலத்தில் ஓடினால், உள்ளே தகடு தட்டிச் சரிசெய்யும் நல்ல டிங்கர் ஒருவர் வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

உரிமையாளர் அனுமதித்தால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். கதவைப் பாதி திறந்து, அடிவிளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்க வேண்டும். கீலின் இரண்டு இலைகளுக்கு நடுவே ஆட்டம் இருந்தால் தேய்ந்தது பின். லேத்தில் சற்றே தடித்த பின் ஒன்றைக் கடைந்து, புஷ்ஷை மாற்றினால் தீர்ந்தது. கீலோடு சேர்ந்து தூணின் தகடும் மூச்சுவிடுவதுபோல் அசைந்தால், கெட்டுப்போனது கீல் உட்காரும் இடம். அதைச் சரிசெய்வதில்தான் வித்தை இருக்கிறது.

கதவின் கனம் முழுவதும் இரண்டே கீல்களில் தொங்குகிறது. மேல் கீல் தூணிலிருந்து வெளியே இழுபடும். கீழ்க் கீல் தூணுக்குள் அழுந்தும். அதனால் மேலே தகடு விரியும், கீழே நசுங்கும். மழைநீர் இறங்கித் தூணின் அடியில் தங்கும்; டெல்லிப் புழுதி அங்கே படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அங்கிருந்து துரு ஏறும். கதவு அளவுக்கு மேல் திறக்காமல் தடுக்கும் பட்டை அறுந்துவிட்டாலோ, வீசித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீலே நெம்புகோலாகித் தூணைப் பெயர்க்கும். 1950களின் பியட் 1100இல் முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். முன்கதவையும் பின்கதவையும் ஒரே நடுத்தூண் தாங்குவதால், அந்தத் தூண் தளர்ந்தால் இரண்டு கதவுகளும் சேர்ந்து இறங்கும்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கீலின் போல்ட்டுகள் தூணுக்குள் இருக்கும் மரையிட்ட தடித்த தகடு ஒன்றில் இறங்குகின்றன. தூணின் உட்புறம் வெல்டு வைத்த ஒரு கூட்டுக்குள் அந்தத் தகடு சற்றே நகர இடம்விட்டு உட்கார்ந்திருக்கும். கதவை அப்படி இப்படி நகர்த்தி இடைவெளியைச் சீராக்க அந்தத் தளர்ச்சிதான் உதவுகிறது. துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் கூடு கிழிந்து, தகடு தூணுக்குள் விழுந்துவிடும்.

அவசரக்காரர்கள் இந்த இடத்தில் கீலைத் தூணோடு சேர்த்து வெல்டு வைத்துவிடுவார்கள். கதவு அன்றைக்கு நிற்கும். அதை நகர்த்திச் சரிசெய்யும் வழி அதோடு அடைபட்டுப்போகும். விஷயம் தெரிந்தவர் முதலில் கீலைச் சுற்றி ஊசியால் கோடு கீறிக்கொள்வார். வெட்டும்போது பாடி கோணாமலிருக்கக் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் கட்டுவார். போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, காத்திருந்து, சூடு காட்டிக் கழற்றுவார். பிறகு உள்ளலங்கார அட்டை மறைக்கும் பக்கமாகத் தூணில் சிறு சாளரம் வெட்டி, கூட்டைப் புதிதாகக் கட்டுவார். விரிசலின் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டுத்தான் வெல்டு வைப்பார். இல்லாவிட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடும்.

நான் மிகவும் ரசிப்பது அடுத்த கட்டத்தை. வெட்டிய இடத்தில் வைக்கும் புதுத் தகட்டை நாலு பொட்டு வெல்டில் மட்டும் நிறுத்தி, வண்டியைச் சக்கரங்களின் மேலேயே இறக்கி, கதவை மாட்டிப் பார்ப்பார். ஸ்டாண்டில் நிற்கும் பாடிக்கும் தன் சக்கரங்களில் நிற்கும் பாடிக்கும் வளைவு வேறு. இடைவெளியைச் சரிபார்க்க வேண்டியது இரண்டாவதில்தான். பூட்டு தன் வாயில் தானாகப் பொருந்தும்வரை மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பொழுது போகும். அதன்பின் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளாதபடி, கொஞ்சம் வெல்டு வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் வைத்து முடிப்பார். கடைசியில் உள்ளே துருத்தடுப்புப் பூச்சு. சாளரத்தை மூடி அட்டையைப் பொருத்தினால் அத்தனை வேலையும் கண்ணுக்கு மறைந்துபோகும்.

பழைய தகட்டில் நல்லதையெல்லாம் விட்டுவைத்து, செத்துப்போனதை மட்டும் வெட்டியெடுக்கும் இந்த நிதானத்துக்கு இன்று சட்டத்திலும் மதிப்பு இருக்கிறது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021இல் வந்த மத்திய விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று தனி வழி திறந்தது. சேஸி, பாடி, எஞ்சின் மூலவடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

காரைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டி பூசுவதற்கு முன்னால் ஒரு நாள் பட்டறைக்குப் போய், திறந்து கிடக்கும் அந்தத் தூணைப் பாருங்கள். படமும் எடுத்து வையுங்கள். பெயின்டுக்குப் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள், கூலியை வெட்டுவது பெரும்பாலும் டிங்கரிடம்தான். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கலாம். அதனால் பணத்தையும் நாட்களையும் முதலில் தூணுக்கு ஒதுக்குங்கள்.