செம்பனை வண்டும் எழுதப்படாத கதைகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்காயிலிருந்து பீடோர் பக்கம் போனாலும் சிலிம் ரிவர் பக்கம் போனாலும் இன்று கண்ணை நிறைப்பது செம்பனைதான். ஒரு காலத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நின்ற மண் இது. செம்பனை வந்த புதிதில் அதன் பெண்பாளைகளுக்கு மகரந்தம் சேர்ப்பதே தோட்டங்களில் தனி வேலையாக இருந்தது. பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஆண்பூவின் தூளை டால்க் பவுடரில் கலந்து, பாளை பாளையாகத் தேடிப்போய் ஊத வேண்டும். காற்றுதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கேமரூனில் ஆராய்ந்த பிறகுதான், நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டின் வேலை அது என்று உறுதியானது. 1981இல் அந்த வண்டை ஜொகூர் தோட்டங்களில் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது; ஊதும் வேலையும் அதற்கான கூலியும் போயின. கடல் கடந்து வந்த ஒரு பூச்சி மனிதர் செய்த வேலையை எடுத்துக்கொண்ட கதை இது. அறிவியல் புனைவுக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. ஆனாலும் நம் தோட்ட இலக்கியத்தில் கங்காணிக்கும் கள்ளுக்கடைக்கும் சயாம் மரண ரயிலுக்கும் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்த வண்டுக்குக் கிடைக்கவில்லை.

அறிவியல் புனைவு நமக்கு அந்நியச் சரக்கு என்பார்கள். பேராக் மாநிலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது பொருந்தாது. 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த கன்றுகளை 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நட்டார்கள். சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒட்டுரகங்கள் எண்களைப் பெயராகத் தாங்கித் தோட்டம் தோட்டமாக வந்தன. இந்தச் சோதனை ஒவ்வொன்றும் கடைசியில் போய் நின்றது விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்த தமிழரின் கையில்தான். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நூறாண்டுக்கு மேல் குடியிருந்த சமூகத்துக்கு அறிவியல் புனைவு எப்படி அந்நியமாகும்?

அப்படியானால் குறை எங்கே? பொருளிலும் இல்லை, திறமையிலும் இல்லை. எழுத்தாளரும் வாசகரும் இதழாசிரியரும் அறிவியலாளரும் ஆண்டுதோறும் முகம் பார்த்துப் பேச ஓர் இடம் இல்லாததுதான் குறை என்பது என் வாதம். பிற இலக்கிய வகைகளைவிட இந்த வகை கூட்டத்தில் வளர்ந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தபோது ரே பிராட்பரிக்கு வயது 18; லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனையில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தார். ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிக நண்பரிடம் கடன் வாங்கி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பேருந்தில் போனார். கையில் ஹானெஸ் போக் என்ற அறியப்படாத ஓவியரின் படங்கள் இருந்தன. அவற்றை அவர் இதழாசிரியர்களிடம் காட்ட, அந்த ஆண்டு முடிவதற்குள் போக்கின் ஓவியம் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் அட்டையில் வந்துவிட்டது. தபாலில் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சீனாவின் செங்டு நகரைப் பாருங்கள். 1979இல் அங்கே தொடங்கிய ஓர் இதழைச் சுற்றி வாசகர் திரண்டனர், மாநாடுகள் நடந்தன, லியு சிசின் தம் முப்பொருள் நாவலை 2006இல் அதே இதழில்தான் தொடராக எழுதினார். 2015இல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. 2023இல் உலக மாநாடே அந்த நகருக்கு வந்தது.

மாநாடு என்றால் கோஷ்டியும் மாலை மரியாதையும்தானே என்ற கசப்பு நம்மிடம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நியூயார்க் மாநாட்டிலேயே ஆறு பேரை வாசலில் தடுத்து நிறுத்தினார்கள். செங்டுவில் விருதுப் பட்டியலிலிருந்து தகுதியான பெயர்கள் நீக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. கூட்டம் கூடுவதற்கான விலை அது. அந்த விலையைக் கொடுத்து நாமும் பயன் கண்டிருக்கிறோம். 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, மலாயாவில் ஒரு சிறுகதைத் தலைமுறையையே எழுத வைத்தது. 1997இல் சிங்கப்பூரில் தொடங்கி 2001இல் கோலாலம்பூருக்கும் வந்த தமிழ் இணைய மாநாடுகளில் நம் முத்து நெடுமாறன் போன்ற கணினியாளர்கள் எழுத்துருவுக்கும் குறியேற்றத்துக்கும் உட்கார்ந்து வாதாடினார்கள். இன்று நாம் கைப்பேசியில் தட்டும் தமிழில் அந்த வாதங்களுக்கும் பங்குண்டு. கதை எழுதுபவர்களுக்கும் அந்தக் கணினியாளர்களுக்கும் இடையே அப்படி ஒரு தொடர்ந்த உரையாடல் வளரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இணையம் இருக்கிறது, போட்டிகள் இருக்கின்றன, அவை போதாதா என்று கேட்கலாம். சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோவுக்கும் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்புக்கும் பிறகு, சிங்கப்பூர்த் தமிழர்கள் 2018இல் தொடங்கிய ‘அரூ’ இணைய இதழும் அதன் அறிவியல் சிறுகதைப் போட்டியும் இத்துறைக்குச் செய்தது பெரிய காரியம். ஆனால் போட்டி ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கும். தோற்ற கதையின் அறிவியல் எங்கே பிசகியது என்று உட்கார்த்தி வைத்துப் பேசாது. 1998இல் வேலூரில் பிறந்த இந்திய அறிவியல் புனைவு ஆய்வுச் சங்கம் மாநாடுகள் நடத்துகிறது. அங்கே ஆங்கிலம்தான் முதன்மை. தமிழ் மண்ணில் பிறந்தும் தமிழ்க் கதைக்காரருக்கு அது முழு வீடாகவில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு வேறொன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நட்டஈட்டுக்கு அலைந்த மக்களின் உண்மைக் கதையே இன்னும் முழுதாக எழுதப்படாதபோது கற்பனைக்கு என்ன அவசரம்? இதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மக்களை வெளியேற்றியதில் நில முதலாளிக்கு மட்டுமல்ல, செயற்கை ரப்பருக்கும் பாமாயில் விலைக்கும் அந்த வண்டுக்கும் பங்குண்டு. அவற்றை விட்டுவிட்டு எழுதும் நடப்பியல், நடந்ததில் பாதியைத்தான் சொல்கிறது.

1981இல் இருபத்தைந்து வயதில் மகரந்தம் ஊதிய ஒருவருக்கு இப்போது எழுபது இருக்கும். சுங்காய்த் தமிழ்ப்பள்ளி மண்டபம் போன்ற ஓர் இடத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அவரையும் ஒரு பூச்சியியல் ஆய்வாளரையும் நான்கைந்து இளம் எழுத்தாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியும். அந்தப் பவுடர் கையில் எப்படி ஒட்டியது, நாளுக்கு எத்தனை பாளை கணக்கு, வேலை இனி இல்லை என்று முதலில் சொன்னது கிராணியா தண்டலா என்று அவரிடம் கேட்க வேண்டும்.