ஆளைக் காட்டாத தாவல்

1984-ஆம் வருஷம் தாண்டுகிறவர்களுக்கென்றே வாய்த்த வருஷம். ஜூன் 10-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியில் எபர்ஸ்டாட் என்னும் சிற்றூரில் சீன வீரர் ஜு ஜியன்ஹுவா 2.39 மீட்டர் உயரத்தில் இருந்த குறுக்குக் கம்பைத் தாண்டி உலக சாதனையைப் புதுப்பித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மைதானத்தில் கார்ல் லூயிஸ் 8.54 மீட்டர் நீளம் தாண்டித் தங்கம் பெற்றார். அதே வருஷத்தில் யுகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரத்து அனிமேஷன் விழாவில், ஜப்பானிலிருந்து வந்த ஆறே நிமிஷச் சித்திரப்படம் ஒன்று முதற் பரிசைக் கொண்டுபோயிற்று. அதன் பெயரும் 'ஜம்பிங்'. அதன் கர்த்தா ஒஸாமு தெஸுகா. மைதானத்து விஷயங்களை அலசுகிற இந்தப் பத்தியில் சினிமாவுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். தாவல் என்கிற சரீர வித்தையை, உந்துவதிலிருந்து ஊன்றுவது வரை, இவ்வளவு சிரத்தையோடு பிரித்துப் பார்த்த வேறொரு படைப்பை நான் கண்டதில்லை. அதனால்தான் அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இருபுறமும் வீடுகள் நிற்க, நடுவே செல்லும் ஒரு சாதாரணச் சாலையில் படம் ஆரம்பமாகிறது. தாவுகிறவரை நாம் பார்ப்பதில்லை. அவருடைய கண்களே நம்முடைய கண்களாகிவிடுகின்றன. பள்ளிக்கூடம் விட்ட குழந்தை வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போவதுபோலத் தரை நம் முன்னே சிறிது தாழ்ந்து மீண்டும் எழும்புகிறது, துள்ளல் தாவலாகிறது, தாவல் எதிரே வந்த மோட்டார் காரைக் கடக்கிறது, பிறகு மரங்களின் தலைக்கு மேலும், கூரைகளுக்கு மேலும், நகரத்து அடுக்கு மாளிகைகளுக்கு மேலும், காட்டையும் கடலையும் கடந்தும் விஸ்தாரம் பெற்றுக்கொண்டே போகிறது. வசனம் கிடையாது. ஓரிடத்திலும் வெட்டி ஒட்டாமல் முழுப்படமும் ஒரே ஷாட்டாக ஓடுகிறது.

இதிலுள்ள பிரயாசையை உணரவேண்டுமானால், அந்நாளில் வழக்கமான கார்ட்டூன் தயாரான முறையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். வீடு, வீதி, மலை முதலான பின்னணியை ஒரே ஒரு முறை வர்ணம் தீட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாள்களில் வரைந்த பாத்திரங்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடித்தார்கள். ஆள் ஓடுவான், வீதி இருந்த இடத்தில் இருக்கும். 'ஜம்பிங்'கில் ஆளே இல்லை, ஓடுவதெல்லாம் வீதிதான். பார்க்கிற கண் ஓர் அங்குலம் உயர்ந்தாலும் ஒவ்வொரு கூரையின் சரிவும், ஒவ்வொரு ஜன்னலின் கோணமும், சாலையின் இரு ஓரங்களும் சந்திக்கிற தூரத்துப் புள்ளியும் மாறிவிடுகிற காரணத்தால், முதலில் வரைந்த வீதி அடுத்த படத்துக்கு உதவுவதில்லை. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும் முழு உலகத்தையும் புதிதாக வரைந்தாக வேண்டும். அந்த வேலையை ஏற்று நடத்திய சித்திரக்காரர் ஜுன்ஜி கோபயாஷி.

ஆறு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 4,000 படங்கள் ஆயின என்பது பதிவாகியிருக்கிற கணக்கு. சினிமாச் சுருள் விநாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடுகிறது. ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படங்கள், 360 விநாடிக்கு 4,320 படங்கள் தேவைப்படும். இரண்டு கணக்குகளும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். படத்தின் ஆரம்பம் முதல் முடிவு வரை கை ஓயவே இல்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை.

இனி தாவலுக்கு வருவோம். ஒன்றே கால் மீட்டர் உயரம் எழும்பி இறங்குகிற தாவலுக்குப் பூமியின் ஈர்ப்பு அனுமதிக்கிற காலம் சுமார் ஒரு விநாடி. அதாவது 12 படங்கள். இந்தப் பன்னிரண்டையும் சமதூரத்தில் வைத்தால் தாவல் ஏற்றம் இறைப்பதுபோல் உயிரற்றுப் போகும். ஏனெனில், எழுகிற சரீரம் உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, மொத்த உயரத்தின் மேல் கால் பங்குக்குள்ளேயே தன் காலத்தில் சரிபாதியைக் கழிக்கிறது. எனவே மேலே ஆறு படங்கள் ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கத்தில் அமைய, கீழே ஏறுவதற்கு மூன்றும் இறங்குவதற்கு மூன்றுமாகத் தாராளமாகச் சிதறி நிற்க வேண்டும். அடியில் விளக்கெரியும் மேஜையில் தாள்களை அடுக்கி, அவற்றின் மூலைகளை விரலிடுக்கில் செருகி, முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வரைகிற சித்திரக்காரன் இந்தக் கணக்கைப் புஸ்தகத்தில் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. கோடு எங்கே நெருங்கவேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியும். உயரம் நான்கு மடங்கானால் காலம் இரண்டு மடங்காகும். 80 மீட்டர் மாளிகையைத் தாண்டுவதற்கு எட்டு விநாடிகள், 96 படங்கள். தாவல் வளர வளர நாம் அந்தரத்தில் தங்குகிற நேரமும் வளர்வதால், முதலில் வெறும் விளையாட்டாக இருந்தது பிறகு பறத்தலாகவும், பிறகு நெஞ்சை அடைக்கும் பயமாகவும் மாறுகிறது. திரும்பி இறங்கித்தானே ஆகவேண்டும்!

இறங்குவதில்தான் இந்தப் படத்தின் மேதைமை இருப்பதாக என் அபிப்பிராயம். கம்பன் தன் சுந்தர காண்டத்தைக் கடல் தாவு படலத்தோடு தொடங்கும்போது, அனுமன் எத்தனை யோசனை தூரம் போனான் என்பதற்கு முன்பாக, அவன் ஊன்றிய பாதத்தின் கீழ் மயேந்திர மலை பட்ட பாட்டைச் சொல்கிறான். மலை நொந்த பிறகே தாவியவனின் பலம் நமக்கு விளங்குகிறது. தெஸுகாவும் தாவுகிறவரின் முகத்தையோ காலையோ காட்டாமல், விரைந்து மேலே வருகிற தரையை மட்டும் காட்டி, அது நம்மைத் தாங்கிக்கொள்கிற அந்தக் கணத்தில் நம் முழங்கால் தானாகவே மடியும்படி செய்துவிடுகிறார். இல்லாத சரீரத்துக்குப் பாரம் உண்டாகிறது.

இதே தெஸுகாதான், 1963 ஜனவரி முதல் தேதி தொலைக்காட்சியில் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை ஆரம்பித்தபோது, வாரம் ஒரு கதை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தியும், வரைந்ததையே மறுபடி மறுபடி உபயோகித்தும், வாயை மட்டும் அசைத்தும் சிக்கனம் செய்தவர். அந்தச் சிக்கனம் ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனின் பொதுவழக்கமாகவே நிலைத்துவிட்டது என்று அவர்மேல் குறை சொல்வோர் பலர். அவர் ஸ்தாபித்த முஷி நிறுவனமும் 1973-இல் திவாலாயிற்று. அப்படிப்பட்டவர், 55 வயதில், ஆறு நிமிஷத்துக்காக ஒரு சிக்கனமும் பாராமல் நாலாயிரம் படங்களைச் செலவிட்டதை நான் வெறும் கலைப் பரிசோதனையாக எண்ணவில்லை. ஓட்டத்தில் பல வருஷம் மூச்சை அளந்து விட்டவன் ஒரு தரமேனும் முழு மூச்சோடு ஓடிப் பார்க்க விரும்புவது இயற்கை.

படத்தின் கடைசிப் பகுதியில் கடலுக்கு அப்பால் நம்மை வரவேற்பது யுத்தம். குண்டு வெடிக்கிறது; காளான்போல் புகை எழுகிறது; தாவியவர் நரகத்தில் விழுகிறார். 1945 ஜூன் மாதத்தில், பதினாறு வயது மாணவனாக ஒஸாகாவில் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த தெஸுகா, காவல் கோபுரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தபோது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. உயரத்திலிருந்து அழிவைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை அவர் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அது வரையில் எங்கெங்கோ இறங்கி மறுபடி உந்தி எழுந்த அந்தத் தாவலுக்கு, இந்த ஓர் இடத்தில் மட்டும் காலூன்றத் தரையே கிடைக்கவில்லை.

நரகமும் தாவியவரை வைத்துக்கொள்வதில்லை. மேலே எழுகிறார், பழைய வீடுகள், பழைய சாலை. எதிரே ஒரு கார் வரக்கூடிய அந்த வீதியில், முதலில் கண்ட அதே சின்னத் துள்ளலில், தரை சிறிது தாழ்ந்து எழும்புகிறது.