வெண்படலம் எல்லாம் எலும்பாகுமா?

சாத்தான்குளம் பக்கம் உப்புக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்திருப்பீர்கள். உட்புறம் வெள்ளையாகக் காரை படிந்திருக்கும். புது வாளியில் அதை நகத்தால் சுரண்டிவிடலாம். தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த வாளியிலோ விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது கால்சியம் கார்பனேட். அதற்குப் பதில் கால்சியம் பாஸ்பேட்டைப் படியச் செய்தால், பிளாஸ்டிக்கின் மேல் எலும்புத் தாது வளர்க்கும் முறையில் பாதி உங்களுக்கு விளங்கிவிடும்.

மறுபாதியில்தான் எனக்கு மனக்குறை.

ஜப்பானியப் பேராசிரியர் கோக்குபோவும் அவர் குழுவினரும் 1990-இல் ஒரு கரைசலை விவரித்தனர். இரத்த நீரிலுள்ள உப்புகள் ஏறத்தாழ அதே அளவில் இதில் உண்டு: லிட்டருக்குக் கால்சியம் 2.5 மில்லிமோல், பாஸ்பேட் 1 மில்லிமோல், பி.எச். 7.4. தாங்கும் அளவுக்கு மேல் உப்பேறிய கரைசல் இது. பற்றிக்கொள்ள இடம் கிடைத்தால் படிந்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக்கைக் காரத்தில் ஊறவைத்து, அதன் மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளைத் தோற்றுவித்தால், அவை கால்சியத்தை இழுக்கும். கால்சியம் பாஸ்பேட்டை இழுக்கும். சில நாட்களில் எலும்புத் தாதுவை ஒத்த அபடைட் படலம் தயார். அழகான வேதியியல்!

ஆனால், படலம் படிந்ததுமே “எலும்போடு ஒட்டும் என நிரூபித்தோம்” என்று எழுதிவிடுகிறார்களே, அது சரியா? அக்கரைசலில் புரதம் இல்லை, செல் இல்லை. இரத்த நீரில் 27 மில்லிமோல் இருக்கும் பைகார்பனேட், இதில் வெறும் 4.2 தான். எலும்போ தாது மட்டுமன்று. கொலாஜென் புரதத்தோடு பின்னிய தாது.

2009-இல் போனர், லெமெத்ர் என்னும் இருவர் இதைத்தான் வெளிப்படையாகக் கேட்டனர். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் உடலில் எலும்போடு நன்றாக ஒட்டுகிறது. இக்கரைசலிலோ பெரும்பாலும் படலம் வளர்ப்பதில்லை. தேர்வில் தோற்றவன் வேலையில் வென்ற கதை! கோக்குபோவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. விலங்குச் சோதனைக்கு முன் பொருள்களைச் சலிக்கும் சல்லடையாகவே 2006-இல் அவர் இதைப் பரிந்துரைத்தார். சல்லடையைத் தராசாக்கியது மற்றவர்கள் வேலை.

நமக்கு அண்மையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் எலும்புக் குழி நிரப்பும் ஹைட்ராக்ஸி அபடைட் பீங்கான்களை உருவாக்கியபோது, கரைசலோடு நிற்காமல் விலங்குகளிலும் சோதித்தார்கள்.

இனி இத்தகைய ஆய்வறிக்கை கைக்கு வந்தால், பளபளக்கும் நுண்ணோக்கிப் படத்தைப் புரட்டிவிட்டு ஓர் எண்ணைத் தேடுங்கள்: எவ்வளவு இழுத்தால் படலம் பிளாஸ்டிக்கை விட்டுப் பெயர்கிறது? வாளியைச் சுரண்டிய நகம் கேட்ட அதே கேள்விதான்.