ஒரே குழம்பு, இரண்டு சட்டி

காணும் பொங்கலன்று மதியம் என்ன சமைப்பது என்ற பேச்சு பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் போகிக்கு முன்பே ஆரம்பித்துவிடும். போகியும் பெரும்பொங்கலும் சைவத்தில் போய்விடும். மாட்டுப் பொங்கல் திருவள்ளுவர் நாளும்கூட என்பதால் அன்றைக்கு இறைச்சிக் கடைகளை மூடிவைக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. கறிக்குக் காத்திருக்கும் நாக்குக்கெல்லாம் காணும் பொங்கல்தான் கதி. விடியற்காலையிலேயே கறிக்கடையில் கூட்டம் நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கும் அன்று லீவு. பழவேற்காட்டிலிருந்து இறாலும் நண்டும் வந்து இறங்கியிருக்கும். இவ்வளவுக்கும் நடுவே, அசைவத்தைக் கையால்கூடத் தொடாத ஒருவர் அதே வீட்டில் இருந்தால் அவருக்கு இலையில் என்ன விழும்?

என் சித்தப்பா வீட்டில் அந்த ஒருவர் சித்தப்பாவேதான். நடுவயதில் வள்ளலார் வழிக்குப் போய்க் கறி மீனை விட்டவர். இந்த ஊரில் அது அந்நியமான காரியம் அல்ல. வள்ளலாரின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர் பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணம். கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையான இராமலிங்கத்தையும் மற்ற பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். சித்தப்பாவின் மகன், என் தம்பி, இரும்பு உருக்கும் ஆலையில் வேலை பார்க்கிறான். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்று வருகிறவனுக்கு விடுமுறையன்று ஆட்டுக்கறி இல்லாமல் சோறு இறங்காது. அப்பாவும் பிள்ளையும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து ஒரே வேளையில் வயிறும் மனசும் நிறையச் சாப்பிடும்படி திட்டம் போடுகிறவர் சித்தி. அந்தத் திட்டத்தின் நுணுக்கத்தைத்தான் நான் இங்கே பாராட்ட வந்திருக்கிறேன்.

2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். ஆனால் அந்த 97 பேர் வீட்டு அடுப்பையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது, கிருத்திகைக்குக் கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. அமாவாசைக்குத் திருவள்ளூர் போய் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு வந்தால் அன்றைக்கும் கிடையாது. கறி சமைக்கும் கைக்குச் சைவம் தெரியாது என்பதே இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே அடுப்பங்கரையில் செய்யும் பழக்கம்தான் பல வீடுகளில் இல்லை. அதனால்தான் விருந்தில் சைவக்காரருக்கு ஒரு சாம்பார், ஒரு ரசம், ஒரு அப்பளம் என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் அக்கறை எடுத்தால் கறி மசாலாவில் மீல்மேக்கர் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கறி இல்லாத குறைக்குக் கறி மாதிரி ஒன்றை வைப்பது, கறியை விட்டவருக்கு அவர் விட்டதையே ஞாபகப்படுத்துவதாகும்.

சித்தி எடுப்பது மொச்சை. தை மாதத்தில் இந்த வட்டாரச் சந்தைகளில் பச்சை மொச்சைக் காய் மூட்டை மூட்டையாகக் குவியும். பனி நன்றாக விழுந்த வருஷத்தில் காயைத் தொட்ட விரலிலேயே ஒரு பிசுபிசுப்பும் ஒரு வாசனையும் ஒட்டிக்கொள்ளும். சித்தி காயை வாங்குவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோவார். வாசம் வராத குவியலை விட்டு நகர்ந்துவிடுவார். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருமாகக் காயை உரிப்பார்கள். உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் தோல் உப்பி, உள்ளிருக்கும் பருப்பை விட்டு விலகி நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு பிதுக்கு. வழுக்கிக்கொண்டு பருப்பு கிண்ணத்தில் போய் விழும், தோல் கையில் தங்கும். வெளிர்பச்சை நிறம், இரண்டு பாதியாகப் பிளக்கத் தயாரான மெல்லிய கோடு. இதுதான் பிதுக்குப் பருப்பு. வடமாவட்டத்துக்காரர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்புக்கு அடுத்தபடி இதுதான் நினைவுக்கு வரும். ஒரு கிண்ணம் பருப்புக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. விரல் நுனி சுருங்கிப்போகும். அந்தத் தோல் கொட்டகை மாட்டுக்குப் போகும்.

இந்தப் பருப்புக்குச் சித்தி அரைப்பது சாம்பார்ப் பொடி அல்ல, கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே மசாலா. தேங்காய், வெதுவெதுப்பான நீரில் ஊறிய கசகசா, சோம்பு, பட்டை, இரண்டே இரண்டு கிராம்பு. சின்ன வெங்காயமும் தக்காளியும் எண்ணெயில் நன்றாகக் கரைந்த பிறகு மிளகாய்த்தூள், தனியாத்தூள். அது பச்சை வாசனை போகக் கொதித்த பின் பருப்பு. அரைத்த தேங்காய் கடைசியில்தான். பருப்பு வெந்து, குழையாமல், கரண்டி பட்டால் இரண்டாகப் பிரியும் பக்குவத்தில் தீயைத் தணிப்பார். இந்த வரைக்கும் குண்டானில் இருப்பது ஒரே குழம்பு, முழுக்கச் சைவம், ஆனால் விருந்துக் குழம்பின் கனமும் மணமும் உள்ள சைவம்.

அந்தக் குழம்பு பிரிகிற இடத்தை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். ஆட்டுக்கறி தனியாகக் குக்கரில் இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், உப்போடு வெந்து, விசில் அடங்கிக் காத்திருக்கும். சித்தி அதன் மூடியைத் திறக்கமாட்டார். முதலில் குண்டானின் அடிவரைக்கும் கலக்கி, பருப்பும் மசாலாவும் சமமாக வரும்படி, சரிபாதிக் குழம்பை ஒரு மண்சட்டிக்கு மாற்றுவார். அந்தச் சட்டி மூடி போட்டுக் கூடத்துப் பக்கம் போய்விடும். அதற்குப் பிறகுதான் குக்கர் திறக்கும். கறியும் அது வெந்த நீரும் குண்டானில் மிச்சமிருக்கும் பாதியில் இறங்கி இன்னொரு கொதி வரும். "அப்பாவுக்கு மொதல்ல எடுத்து வெச்சிட்டேன். இனிமே நீ இன்னா வேணா போட்டுக்கோடா" என்று தம்பியிடம் அவர் சொல்லும்போது அந்த விருந்தின் முழுத் திட்டமும் எனக்கு விளங்கிவிடும். மொத்தக் குழம்பிலிருந்து முதல் பங்கு சித்தப்பாவுக்கு. கறிக்குழம்பைச் செய்துவிட்டுக் கறித்துண்டை ஒதுக்கி எடுத்த சாறு அல்ல அது. கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து தாளித்த இன்னொன்றும் அல்ல. இரண்டு சட்டியிலும் ஒரே கைமணம். பிரிந்தது கடைசிக் கொதியில் மட்டும்.

எண்ணெய்ச் சட்டிக்கும் இதே முறைதான். புது எண்ணெய் காய்ந்ததும் முதலில் அப்பளம், பிறகு வடை, பிறகு வாழைக்காய். வாழைக்காயை மெல்லிய வில்லையாகச் சாய்த்து நறுக்கி, மீனுக்குப் பூசுகிற மிளகாய் மசாலாவையே எலுமிச்சைச் சாறு விட்டுப் பூசி ஊறவைத்திருப்பார். அது எடுத்தான பிறகு அதே எண்ணெயில் கிழங்கா மீனும் இறாலும். ஒரே சட்டி, ஒரே எண்ணெய். வரிசை மாறினால் மட்டும் எல்லாம் கெட்டுப்போகும். மீன் கழுவுவது, ஆய்வது எல்லாம் கொல்லையில், அதற்கென்று கிடக்கும் கல்லில், அதற்கென்று இருக்கும் அரிவாள்மணையில். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் கொல்லையில் விறகடுப்பில்தான் கொதிக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அந்த அடுப்பையே மூட்டுவார்.

கரண்டிகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். விருந்து நாளில் அடுப்பங்கரையில் நாலு பெண்கள், இரண்டு பிள்ளைகள், ஓயாத பேச்சு. எல்லாம் எவர்சில்வர் கரண்டியாக இருந்தால் எது எந்தச் சட்டியில் முங்கியது என்று யாருக்குத் தெரியும்? சித்தி சைவச் சட்டிக்கு மட்டும் கொட்டாங்குச்சி அகப்பை போடுவார். கண் பார்க்காவிட்டாலும் கை கண்டுகொள்ளும். அதைத் தூக்கிக் கறிக்குழம்பில் விடும் கை பாதியிலேயே நின்றுவிடும். யாரையும் அதட்ட வேண்டியதில்லை, ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதும் இல்லை.

புதிதாக ஒருவர் வந்தால் சித்தி முன்கூட்டியே கேட்டுவிடுவார்: முட்டை சேர்ப்பாரா, பூண்டு வெங்காயம் உண்டா, எந்தக் கிழமையில் என்ன விரதம். ஒரு முறை தம்பி தன்னோடு வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பையனைக் கூட்டி வந்தான். அந்தப் பையன் மீனுக்கு உயிரை விடுபவன். ஆனால் இந்த அகப்பை ஏற்பாட்டை விளக்காமலே புரிந்துகொண்டான். அவர்கள் ஊரில் கார்த்திக மாதம் முழுக்கப் பல வீடுகளில் மீனும் கறியும் கிடையாது. அந்த மாதத்தின் கடைசி ஐந்து நாளுக்குக் கொக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள், கொக்குகூட அந்த ஐந்து நாளும் மீனைத் தொடாதாம். பழவேற்காட்டு ஏரியில் அந்நேரம் கொக்கும் பூநாரையும் வாய் ஓயாமல் மேய்ந்துகொண்டிருக்கும் என்று தம்பி சொல்ல, சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பரிமாறும் வரிசையிலும் அதே நுணுக்கம். சித்தப்பாவுக்குத் தனி அறை, தனி நேரம் என்று எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில். அவர் இலை வரிசையின் தொடக்கத்தில், பரிமாறுகிறவர் கூடத்திலிருந்து நுழையும் பக்கம். முதல் சுற்றில் எல்லா இலைக்கும் சைவம்தான்: பரங்கிக்காய்ப் பொரியல், அவரைக்காய், வாழைக்காய் வறுவல், வடை, சோறு, மண்சட்டியிலிருந்து பிதுக்குப் பருப்புக் குழம்பு. அந்தச் சுற்றில் அப்பா இலையும் பிள்ளை இலையும் அச்சு அசலாக ஒன்று. தம்பியும் அதைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் கறிக்குக் கையை நீட்டுவான். கறியும் மீனும் கொல்லை வாசல் வழியாக, வரிசையின் மறுகோடியிலிருந்து வரும். மீன் தட்டு சித்தப்பா இலைக்கு மேலே கடந்து போகாது. அவர் எழுந்து ஒதுங்க வேண்டிய அவசியமும் வராது. இறாலை மென்றுகொண்டே தம்பி ஆலைக் கதை பேச, அவர் கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்குவார். சித்தி சோறு போடும்போது அகப்பையால் சட்டியின் அடியிலிருந்து பருப்பாக அள்ளி ஊற்றுவார். தெளிந்த குழம்பு மேலே நிற்கும், பருப்பு கீழே தங்கும் என்பது தெரிந்த கை.

அடுத்த நாள் பழங்குழம்பில் எது ருசி என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். கறித்துண்டில் மசாலா ஊறியது என்பான் தம்பி. நான் சித்தப்பா பக்கம். ராத்திரி முழுக்கப் பனியில் இருந்த கறிக்குழம்பில் கொழுப்பு வெள்ளையாக மேலே உறைந்து நிற்கும், சூடு பண்ணினால்தான் வாயில் வைக்க முடியும். மண்சட்டிக் குழம்பில் பருப்பு மசாலாவைக் குடித்துக் கெட்டிப்பட்டு, ஆறினபடியே இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். காலை ஷிஃப்டுக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க ஓடும் தம்பியின் டிபன் பாக்ஸில் சித்தி அதைத்தான் வைக்கிறார். அங்கே கேன்டீனில் சூடு பண்ண அவனுக்கு நேரம் இருக்காது.