சிறுகுழுவும் பெருங்குழுவும்

இளையராஜா 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு, இதற்கு யாது பெயரிடுவது என்னும் வினாவையே தலைப்பாக உடையது. தியாகராசருக்கும் செருமானிய இசைவல்லார் பாகுக்கும் அஃது உரிமையாக்கப்பெற்றது. தனி வயலின் ஒருபுறமும் நரம்புக்கருவிக் குழு மறுபுறமுமாக இசைத்தலின், பரோக் காலத்துக் கன்செர்ட்டோ குரோசோவின் இனமாக இதனைக் கொள்ளத் தோன்றும். அப்பெயர் இதற்குப் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அவ்வடிவத்தின் இலக்கணத்தை இத்தாலியராகிய கொரெல்லியிடத்தே காணல் வேண்டும். அவருடைய ஆறாம் தொகுதியில் அடங்கிய 12 கன்செர்ட்டோக்கள், அவர் 1713-இல் மறைந்தபின், 1714-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் சிறுகுழு. ஏனைய கருவிகள் பெருங்குழு. பெருங்குழுவின் பகுதிகள் விருப்பத்திற்குரியன என்றும், வேண்டின் ஆட்களை மிகுத்துக்கொள்ளலாம் என்றும் தலைப்பேடு கூறுகின்றது. இச்சிறு குறிப்பு பெரும்பயன் உடையது. இசையின் பொருள் முழுவதையும் மூவரே தாங்குவர் என்பது இதனாற் பெறப்படும். பெருங்குழு பெரும்பாலும் புதியதொன்று கூறுவதில்லை. கூறியதற்குக் கனம் சேர்க்கின்றது. பலர் இசைக்குங்கால் மூவரும் ஓய்ந்திராது உடனிசைப்பர். மென்மையும் வன்மையும் ஆண்டு வில்லின் அழுத்தத்தினும் ஆள்தொகையாலேயே மிகுதியும் விளைவன. மூவருள்ளும் தலைவர் என ஒருவர் இலர். இரண்டு வயலின்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முரணிப் பின் இணங்கும்.

இனி, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியை நோக்குவோம். பாக் தம் கைப்பட 1720-இல் எழுதிய, துணைக்கருவி வேண்டாத மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையே இதன் அடிப்படை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதனை இசைக்க, இளையராஜா தாம் இயற்றிய குழுவிசையை அதனோடு சேர்க்கின்றார். ஈண்டுத் தனித்து நிற்பவர் ஒருவர். குழு கூறுவதும் வேறு பொருள். கூடியது கனமன்று, கருத்து. ஆகவே கன்செர்ட்டோ குரோசோ என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது என்பது எம் துணிபு. இதற்கு முன்னோடி பாக்கே ஆவார்: 1731-இல் தம் 29-ஆம் கண்டாட்டாவில் இதே முன்னிசையை ஆர்கனுக்கு மாற்றிப் பல்லியமும் சேர்த்தார். ஓயாது ஓடும் அவ்வொற்றை வரியுள் இரண்டு மூன்று குரல்கள் மறைந்துள்ளன. அவற்றைச் செவியுற்று வெளிப்படுத்துதல் உரையாசிரியர் தொழிலை ஒக்கும். இளையராஜாவின் சிறப்பும் அதுவே.

கொரெல்லியின் முறைக்குத் தமிழகத்தில் உறவு தேடுவார் சிலப்பதிகார அரங்கேற்று காதையை நாடக்கூடும். ஆண்டுக் கருவிகள் ஒன்றன்வழி ஒன்று செல்கின்றன, எதிர்நிற்றல் இல்லை. யாம் சுட்டுவது தெருக்கூத்து. பொம்மையார்பாளையத்துக் கடற்கரையை அடுத்துத் திண்டிவனம், விழுப்புரம் எனப் பரந்த வட்டாரத்தில், திரௌபதியம்மன் விழாக்களில் அது நிகழும். வேடதாரி பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாட, முகவீணை உடன் ஒலிக்கும். அடி மாறுவதில்லை, அதன் கனமே மாறுகின்றது. எனினும், பின்பாட்டு எழுங்கால் வேடதாரிக்கு மூச்சு வாங்கவும் அடவு வைக்கவும் இடம் உண்டு. கொரெல்லியின் மூவர்க்கு அவ்வோய்வு இல்லை.