கடையாகும் மாளிகைகள்

டப்ளின் நகரின் ஜார்ஜியன் வீடுகள் வெளியே அடக்கமானவை: செங்கல் முகப்பு, ஒழுங்கான சன்னல் வரிசை, வாசலுக்கு மேல் விசிறிக் கண்ணாடி. செல்வமெல்லாம் உள்ளே, சுதை வேலைப்பாடு நிறைந்த கூரைகளிலும் படிக்கட்டிலும் கூடங்களிலும் இருக்கிறது. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உட்புறத்தை இடித்துக் கடை கட்டினால், காப்பாற்றப்படுவது தெருவின் தோற்றம்தான், வீடு போய்விடுகிறது.

இதற்கு மாறான உதாரணம் சவுத் வில்லியம் தெருவின் பவர்ஸ்கோர்ட் மாளிகை. ராபர்ட் மேக் வடிவமைத்து 1771–74இல் எழுந்தது. 1801இல் அயர்லாந்து நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்டபின் பிரபுக்களுக்கு நகர வீடு தேவைப்படவில்லை. மாளிகை அரசின் முத்திரைத்தாள் அலுவலகமானது. பின்புற முற்றத்தைச் சுற்றி பிரான்சிஸ் ஜான்ஸ்டன் புதுக் கட்டடங்களை எழுப்பினார். பிறகு துணி மொத்த வியாபாரிகள் வந்தார்கள். 1981இல் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரையிட்டு வணிக வளாகமாக்கினார்கள். சந்தடியின் பெரும்பகுதியை முற்றம் ஏற்றுக்கொண்டதால் பழைய அறைகள் பிழைத்தன. பிரபுவின் விருந்தினர் ஏறிய படிக்கட்டில் இன்று யாரும் சீட்டு வாங்காமல் ஏறலாம்.

வாடகை வரும் கட்டடத்தில் மழை ஒழுகினால் உடனே ஆள் வரும். வருமானமும் சட்டக் காப்பும் இல்லாத வீடுகளின் கதி வேறு: 1960களில் லோயர் பிட்ஸ்வில்லியம் தெருவில் மின்வாரிய அலுவலகத்துக்காக 16 வீடுகள் இடிக்கப்பட்டன.

ஆனால் எல்லா வீட்டுக்கும் முற்றம் கிடையாது. குறுகிய வரிசை வீட்டில் உணவகம் வந்தால் புகைக்குழாய் சுவரைத் துளைக்கும், தீத்தடுப்புக் கதவு படிக்கட்டை அடைக்கும், அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் சுதையில் படியும். துணிக்கடையால் இவ்வளவு சேதம் நேராது. தரைத்தளம் மட்டும் வியாபாரம் செய்ய, மேல்மாடிகள் பூட்டிக் கிடப்பது இன்னொரு கேடு.

ஹென்றியட்டா தெரு 14ஆம் எண் வீடு வேறு வழி காட்டுகிறது. 1911இல் 100 பேர் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த வீடு 2018இல் அருங்காட்சியகமானது. ஏழைகள் குடியிருந்த வரலாற்றை அது மறைக்கவில்லை. கடைகள் அதைச் சொல்வதில்லை. ஆனால் பொதுப்பணத்தால் ஒவ்வொரு வீட்டையும் அப்படிக் காக்க இயலாது.

ஆகவே கடை வேண்டாம் என்பது தீர்வல்ல. சமையலறையைப் பின்கட்டில் வைப்பது, பின்னாளில் கழற்றக்கூடிய தடுப்புகளையே அனுமதிப்பது, மேல்மாடியில் குடித்தனம் இருக்கச் செய்வது ஆகிய மூன்றையும் உரிமத்தின் நிபந்தனையாக்கினால் வியாபாரமும் நடக்கும், வீடும் தங்கும்.