செத்தவன் படிப்பானா?

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை விமர்சனத்துக்கு உரியதாகக் கொள்வதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'கேட்டக்ளிஸம்: டார்க் டேஸ் அஹெட்' என்ற விளையாட்டில் படம் கூட அவசியமில்லை. மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் சுழிக்குறிதான் நான். ஆங்கில 'இஸட்' எழுத்து, எழுந்து நடக்கும் பிணம். மீதியை மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. 1980இல் வந்த 'ரோக்' தொடங்கிவைத்த மரபு இது. அதற்கு இரண்டு விதிகள்: உலகம் புதிது புதிதாக அமையும், இறந்தவன் இறந்தவனே.

முதல் நாளே ஊருக்குள் போய்ச் செத்தேன். அடுத்த முறை ஜன்னலை உடைத்த சத்தத்தில் கூட்டம் சேர்ந்து செத்தேன். பிறகு, வீழ்த்திய பிணத்தைச் சிதைக்காமல் விட்டதால் அது மறுபடி எழுந்து என்னைக் கொன்றது. இருட்டில் அவற்றுக்குப் பார்வை மட்டு என்பதும், ஜன்னலில் ஏறித் தடுமாறும்போதுதான் அடிக்க வேண்டும் என்பதும் பல சாவுகளுக்குப் பின்னரே புரிந்தன. வீரம் இங்கே மூடத்தனம், பயமே அறிவு. நம் சினிமா கற்றுத்தராத பாடம் இது.

குறையும் உண்டு. எந்தப் பையில் எது, அதன் எடை என்ன என்று விவரங்கள் குவிகின்றன. பட்டியலை அனுபவம் என்று மயங்கும் நம் யதார்த்த நாவல்களின் நோய்தான் இதுவும்.

முட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுமரத்தில் போனவர். மலையையும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்வைத்துக் கடலடிப் பாறையைக் கண்டுபிடிக்கும் கணியம் அறிந்தவர். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "செத்தவன் எங்கடே படிப்பான்? திரும்பி வந்தவனில்லா படிப்பான்" என்றார்.

இந்த விளையாட்டின் மீது இதைவிடக் கடுமையான விமர்சனம் எனக்குத் தெரியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் சிக்கித் திரும்பாதவர்கள், கடைசி நாழிகையில் கண்டறிந்ததைத் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள். விளையாட்டோ செத்தவனின் அறிவை முழுசாக எனக்குத் தந்துவிடுகிறது. அங்கே அது பொய்.

ஆனால் ஓரிடத்தில் பொய்யில்லை. அதே உலகில் வேறொருவனாக நுழைந்தால், முன்பு நான் செத்த இடத்தில் அந்த உடல் கிடக்கலாம். எழுந்து நடந்துகொண்டும் இருக்கலாம். அவன் சேர்த்த பொருள் எனக்கு வேண்டும். அதற்கு அவனை அடித்து வீழ்த்த வேண்டும். முதல் முறை என்னால் முடியவில்லை, திரும்பிவிட்டேன். அவனுக்காக அழ அந்த உலகில் ஒருவரும் இல்லை.

அழ ஆளில்லாத சாவு இந்தக் கலையின் எல்லை. ஆயினும் இங்கே சாவுக்கு ஒரு விலை இருக்கிறது: பல நாள் உழைப்பு போய்விடுகிறது. நம் புதுக்கவிதைகளில் வரிக்கு வரி சாகிறார்கள். எழுதியவனுக்கு ஒன்றும் போவதில்லை. திரும்பி வந்தவன் எழுதியதா என்று இனி எந்தக் கவிதையிடமும் கேட்பேன். என்னுடையவற்றிடம் கேட்டுப்பார்த்தேன், இரண்டைக் கிழித்துப்போட்டேன்.